நீண்டகால மின் தொடரமைப்புச் சேவையைப் புதுப்பித்தல்: கோரிக்கை மனு

அனுப்புநர்: செயலாளர், சிறு நூற்பாலை உரிமையாளர்கள் சங்கம்
பெறுநர்: தலைமைப் பொறியாளர் அவர்கள், மின் தொடரமைப்புப் பிரிவு

பொருள்: நீண்டகால ஓப்பன் ஆக்சஸ் (மின்பாதை அணுகல்) புதுப்பிப்பில் பழைய பயனாளரைப் புதியவருடன் போட்டியிட வைக்கும் வரைவு நடைமுறையைக் கைவிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் எங்கள் முந்தைய கடிதங்களும் நினைவூட்டல்களும் (எழுத்துப்பூர்வமான பதில் இல்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

சொந்த உபயோகத்துக்குக் காற்றாலை நிறுவிய சிறு நூற்பாலைகளின் பதிவு பெற்ற சங்கம் எங்களுடையது.

முதல் கடிதத்தில் எழுதியதையே மறுபடி எழுத வேண்டியிருக்கிறது. கயத்தாறு, ஆரல்வாய்மொழி, உடுமலைப் பகுதிகளில் எங்கள் உறுப்பினர்களின் பழைய 250 கிலோவாட் காற்றாலைகள் ஓடுகின்றன. ஓப்பன் ஆக்சஸைப் புதுப்பிக்கக் கேட்கும்போது அதே துணை மின் நிலையத்தில் புதியவர் ஒருவர் 25 ஆண்டு கேட்டிருந்தால், நாங்களும் 25 ஆண்டுக்குக் கையெழுத்திட வேண்டும். இல்லையேல் இடம் அவருக்கு என்கிறது தங்கள் வரைவு. இன்னும் பத்தாண்டு ஓடினாலே பெரிது என்ற இயந்திரத்துக்கு 25 ஆண்டுக் கட்டணப் பொறுப்பை எந்த ஆலை ஏற்கும்?

அடுத்த கடிதத்தில் விதியைக் காட்டினோம். மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2009 விதிமுறைகளின்படி, நீண்டகால அணுகல் முடிய ஆறு மாதம் முன்பு எழுத்துப்பூர்வமாகக் கேட்டால் அது நீட்டிக்கப்பட்டது, கேட்காவிட்டால்தான் ரத்தானது. போட்டியாளர் என்ற பேச்சே அங்கு இருக்கவில்லை. புதுப்பிப்பில் முன்னுரிமை கிடையாது என்று நடுத்தரக்கால அணுகலுக்குத்தான் தனியாகச் சொல்லியிருந்தார்கள். அதெல்லாம் மாநிலங்களுக்கு இடையிலான பாதைகளுக்கு, 2022-இல் ஜிஎன்ஏ (பொது வலையமைப்பு அணுகல்) விதிமுறைகள் வந்ததும் அதுவும் மாறிவிட்டது என்று தங்கள் அலுவலகத்தில் நேரில் பதில் சொன்னார்கள். இருக்கட்டும். மாநிலத்துக்குள் அதைவிடக் கடுமையாக நடந்துகொள்ள அது காரணமாகுமா?

வரைவு அமெரிக்க முறையைத் தழுவியது என்றும் சொல்லப்பட்டது. அங்கே ஒழுங்குமுறை ஆணையத்திடமிருந்து 1996-இல் வந்த 888-ஆம் ஆணை, தொடரும் உரிமையை முதலில் பழைய வாடிக்கையாளருக்கே தருகிறது. எல்லா விண்ணப்பங்களையும் அமைப்பு தாங்காத நிலையில்தான் போட்டியாளர் கேட்கும் காலத்துக்கு ஈடுகொடுக்கச் சொல்கிறது. 2007-இன் 890-ஆம் ஆணை, அந்த உரிமைக்குக் குறைந்தது ஐந்தாண்டு ஒப்பந்தமும் ஓராண்டு முன்னறிவிப்பும் வேண்டும் என்றது. தங்கள் வரைவில் ஈடுகொடுக்கும் நிபந்தனை மட்டும் வந்திருக்கிறது. பாதையில் இடமில்லை என்று முதலில் காட்ட வேண்டிய பொறுப்பு எங்கே போயிற்று?

மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 9(2), சொந்த உபயோகத்துக்கு மின்சாரம் உற்பத்தி செய்பவருக்கு ஓப்பன் ஆக்சஸை உரிமையாகவே கொடுத்திருக்கிறது. பாதையில் போதிய வசதி இருக்க வேண்டும் என்பது அதற்கான நிபந்தனை. எங்கள் மின்சாரம் இன்றும் அந்தப் பாதையில்தான் போய்க்கொண்டிருக்கிறது, ஐயா.

உறுப்பினர் ஒருவர் கியர்பாக்ஸ் மாற்ற வங்கிக் கடன் கேட்டார். புதுப்பிப்பு ஆணையின் நகலைக் கொண்டுவரச் சொன்னார்கள். விண்ணப்பம் நிலுவையில் இருந்ததால், தபால் பிரிவின் முத்திரை விழுந்த ஒப்புகைச் சீட்டைத்தான் அவரால் காட்ட முடிந்தது. கடன் கிடைக்காமல் ஆடிக் காற்று முழுவதும் இயந்திரம் நின்றது, ஆலை உயர் அழுத்த (எச்.டி.) கட்டணத்தில் ஓடியது.

கோரிக்கைகள்:

1. ஆறு மாதம் முன்பு எழுதிக் கேட்கும் பழைய பயனாளருக்கு அதே அளவு திறன் நீட்டிக்கப்பட வேண்டும். மிச்சத் திறனுக்கு மட்டுமே போட்டி. இடமில்லை என்றால் அதற்கான ஆய்வறிக்கையின் நகல் தரப்பட வேண்டும். அப்போதும், ஈடுகொடுக்கச் சொல்லும் காலம் இயந்திரத்தின் மீதி ஆயுளைத் தாண்டக் கூடாது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை பழைய ஒப்பந்தமே தொடர வேண்டும்.

2. துணை மின் நிலையவாரியாக மீதித் திறன் பட்டியலைத் தமிழிலும் வெளியிட ஆவன செய்ய வேண்டும்.



3. மனுக்களுக்குக் கோப்பு எண் தெரிவிக்க வேண்டும்.

முதல் கோரிக்கைக்கு வைகாசிக்கு முன் எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். வராவிட்டால் இம்மனுவையும் முந்தைய கடிதங்களையும் இணைத்து மாநில ஒழுங்குமுறை ஆணையத்தில் வழக்குத் தாக்கல் செய்ய எங்கள் செயற்குழு தீர்மானித்துள்ளது.

இப்படிக்கு,
செயலாளர்