தீவகத் தோட்டத்தில் நாற்றுக் கொட்டில்: கூரையே முதல்

வீட்டுத் தோட்டத்திற்கு வேண்டிய மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுக்களைத் தாமே வளர்க்கக் கருதும் கமக்காரர், பொலித்தீனால் மூடிய பசுமைக் குடிலொன்றை முதலில் அமைக்க எண்ணுவதுண்டு. ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய இடங்களுக்கு அவ்வெண்ணம் பொருந்துவதன்று. இங்கே முதலிற் கட்டவேண்டியது சாடிகளும் மண்ணும் எருவும் வைத்துப் பணிபுரியும் சிறு கொட்டிலே. அதனிலும் முதன்மையானது அதன் கூரை.

பசுமைக் குடில் குளிர்நாட்டாரின் தேவையிற் பிறந்தது. இலண்டன் கியூத் தோட்டத்தில் 1844 முதல் 1848 வரை கட்டப்பெற்ற பெரிய கண்ணாடி வீடு, வெப்பநாட்டுத் தாவரங்களைக் குளிரினின்றும் காப்பதற்கென எழுந்தது. நுவரெலியா போன்ற மலைநாட்டிலும் குளிரையும் மிகுமழையையும் தடுக்கப் பொலித்தீன் கூடாரம் பயன்படுகின்றது. தீவகத்திலோ வெயிலுக்குக் குறைவில்லை. மூடிய குடிலுள் வெப்பம் தேங்கி இளநாற்று வாடும். சோளகக் காற்று பொலித்தீனைக் கிழித்தெறியும்.

இங்கு உண்மையிற் குறைவாயுள்ளது நன்னீரே. தீவகத்தில் ஆறு இல்லை. நிலத்தடியிலுள்ள சுண்ணாம்புக் கல்லிடையே மழைநீர் ஊறி, கனமான உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. மிகையாக இறைத்தால் உவர்நீர் மேலெழும். அயலவர் கிணறும் கெடும். வளர்ந்த பயிர் ஓரளவு தாங்கும் உப்பை முளைவிடும் நாற்றுத் தாங்காது. உவர்நீரை ஊற்றி, விதை பழுதென்று நொந்துகொள்வதாற் பயனில்லை.

ஆதலின் கொட்டிலின் கூரை நீர் தருவதாயிருத்தல் வேண்டும். 12 அடி நீளமும் 10 அடி அகலமுமான நிலத்தை மூடும் ஓட்டுக் கூரை அல்லது தகரக் கூரை ஏறத்தாழ 11 சதுர மீற்றராகும். ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை 1 இலீற்றர் நீராகும். எனவே 100 மில்லிமீற்றர் மழையில், சேதம் போக, ஏறத்தாழ 900 இலீற்றர் சேரும். 3 சதுர மீற்றர் நாற்றுமேடைக்கு நாளொன்றுக்கு 15 இலீற்றர் எனக் கொண்டால் 30 நாளைக்கு 450 இலீற்றர் போதும். அம்மழையே இருமுறை நாற்று வளர்க்கும். கடற்காற்றாற் கூரையிற் படிந்த உப்பு நீங்குமாறு முதல் மழையை வழியவிட்டு, அதன்பின் பீலியைத் தாங்கியுடன் இணைத்தல் வேண்டும். நுளம்பு பெருகாவண்ணம் தாங்கியை வலையால் மூடுதலும் அவசியம்.

அடுத்தது நிழற்பந்தல். கொட்டிலை அடுத்துப் பனஞ்சலாகை நாட்டி, பாதி வெயில் புகுமாறு பனையோலையோ நிழல்வலையோ பரப்பினாற் போதும். தென்மேற்கில் பூவரசு, கிளுவைக் கதியால் வேலி காற்றைத் தணிக்கும். முழுதும் அடைத்த மதில் காற்றைச் சுழலச் செய்யும். இடைவெளியுள்ள வேலியோ அதனை வடிகட்டும். சாந்தின்றிக் கல்லடுக்கிய நெடுந்தீவு வேலிகளை நோக்குவார்க்கு இது விளங்கும்.

கலவைக்கு மேல்மண், மட்கிய எரு, ஆற்று மணல் என்பவற்றைச் சமனாகக் கொள்க. கடல்மணலை உப்பின் பொருட்டு விலக்குக. விதைக்குமுன் மேடைமீது வைக்கோலும் உமியும் பரப்பி எரித்தல் நாற்றழுகலைக் குறைக்கும். இலைச்சுருளைப் பரப்பும் வெள்ளீயைத் தடுக்க நுண்வலை இடுதல் நன்று. நடுதற்கு ஒரு வாரம் முன்னரே நிழலைச் சிறிது சிறிதாக நீக்கி, நாற்றை வெயிலுக்குப் பழக்கல் வேண்டும்.

மூடிய குடிலிற் பருவமல்லாக் காலத்தும் விளைவித்து நல்ல விலை பெறலாமே எனச் சிலர் கூறுவர். அது பொய்யன்று. ஆயின் அவ்விளைவுக்கும் கோடையில் நன்னீர் வேண்டும். நீரைச் சேமிக்குமுன் குடிலுக்குப் பணஞ் செலவிடுதல், கிணற்றையும் கைப்பொருளையும் ஒருங்கே இழப்பதற்கு வழியாகும். நீர்ச் சேமிப்பும் நாற்று வளர்ப்பும் கைவந்தபின் அதனை எண்ணலாம்.

காலபோக நெல் விதைப்போடு மாரி தொடங்கிவிடும். கூரையும் பீலியும் தாங்கியும் புரட்டாதிக்கு முன்னரே ஆயத்தமாதல் வேண்டும். மாரியிற் பெய்வதைச் சேர்த்துவைப்பவரே தைமாதத்தில் நல்ல நாற்றை நடுவர். அவர்தம் கிணறும் அயலவர் கிணறும் நன்னீராய் நிலைக்கும்.