ஊர் வாயை மூட முடியுமா?

"உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?" என்பது நம் முன்னோர் மொழி. இதன் உண்மையை அரபு நாடுகளின் ஆட்சியாளர்கள் 2011-ஆம் ஆண்டில் நன்கு உணர்ந்தனர்.

2010 டிசம்பர் 17. துனீசியாவின் சிதி பூசித் நகரில் முகமது பூஅசீசி என்னும் 26 வயதுத் தள்ளுவண்டி வியாபாரியின் தராசை நகராட்சியார் பறித்துக் கொண்டனர். முறையிடச் சென்ற இடத்தில் கேட்பாரில்லை. மனம் நொந்த அவர் தம் உடலுக்கே தீயிட்டுக் கொண்டார். அச்செயலை நாம் போற்றவில்லை. ஆனால் உழைத்துப் பிழைக்கும் ஏழையை அந்நிலைக்குத் தள்ளிய ஆட்சியை எப்படி மன்னிப்பது? உள்ளூர் மக்கள் செல்பேசியில் எடுத்த காட்சிகள் முகநூலில் பரவின. கத்தார் நாட்டு அல் ஜசீரா தொலைக்காட்சி அவற்றை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. 23 ஆண்டுகள் ஆண்ட பென் அலி, 2011 ஜனவரி 14 அன்று நாட்டை விட்டே ஓடினார்.

அடுத்து எகிப்து. அஸ்மா மஹ்பூஸ் என்னும் இளம்பெண், முகத்தை மறைக்காமல், பெயரை ஒளிக்காமல், ஜனவரி 25 அன்று தஹ்ரீர் சதுக்கத்துக்கு வருமாறு ஒளிப்படக்கருவியின் முன் நின்று மக்களை அழைத்தார். மக்கள் திரண்டனர். அஞ்சிய அரசு இணையத்தையும் செல்பேசித் தொடர்பையும் துண்டித்தது. கூட்டம் குறைந்ததா? இல்லை, பெருகியது! பிப்ரவரி 11 அன்று முபாரக் பதவி விலகினார். ஏமன் நாட்டுப் போராட்டத்தில் முன்நின்ற பத்திரிகையாளர் தவக்குல் கர்மான், அவ்வாண்டே அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். பெண்ணினத்துக்கே பெருமையன்றோ!

ஆயினும் அதன்பின் நடந்தது என்ன? எகிப்தில் 2013-இல் இராணுவம் மீண்டும் ஆட்சியைப் பிடித்தது. லிபியாவும் ஏமனும் சிரியாவும் உள்நாட்டுப் போரில் சிதைந்தன. செய்தி மக்களைச் சதுக்கத்தில் கூட்டும். ஆனால் அதுவே நல்லாட்சியைக் கட்டித் தந்துவிடாது என்பதே நம் கருத்து.

கட்டும் வேலைக்கு வேறு பண்பு வேண்டும். 2013-இல் துனீசியா பிளவுபட இருந்தபோது, தொழிற்சங்கம், முதலாளிகள் சங்கம், மனித உரிமைக் கழகம், வழக்கறிஞர் சங்கம் ஆகிய நான்கும் எதிரெதிர்க் கட்சிகளை ஒரே மேசையில் அமர்த்தின. 2014-இல் புதிய அரசியலமைப்பு பிறந்தது. 2015-இல் அந்த நால்வர் அணிக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்நாட்டிலும் 2021-இல் அதிபர் பாராளுமன்றத்தை முடக்கினார். பெற்ற உரிமையை நாள்தோறும் காக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்று செல்பேசி நம் கையிலும் உள்ளது. அநீதி கண்டால் அஞ்சாது பேசக் கற்போம். அத்துடன், மாற்றுக் கருத்துடையவரோடு அமர்ந்து பேசவும் பொறுமையாய்க் கேட்கவும் இப்பள்ளிப் பருவத்திலேயே பழகுவோம். முன்னது எளிது, பின்னதே அரிது.