வெண்மணிக்குக் கலை சொன்ன பதில்

ஒரு படுகொலையைப் பற்றி நாவல் வந்துவிட்டது, படம் வந்துவிட்டது என்றதுமே கலை தன் கடமையைச் செய்துவிட்டதாக நாம் திருப்திப்பட்டுக்கொள்கிறோம். அந்தப் படைப்பில் செத்தவர்களுக்கு என்ன இடம் கிடைத்தது என்று கேட்பதில்லை. இந்தக் கேள்வியோடு அணுக வேண்டிய நிகழ்வு கீழ்வெண்மணி. அரை நூற்றாண்டுக்கும் மேலாக நாவல், பாட்டு, சினிமா, ஆவணப்படம் என ஏறத்தாழ எல்லா வடிவங்களும் அதைத் தொட்டிருக்கின்றன. எல்லாமும் ஒரே பதிலைச் சொல்லவில்லை.

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் தலித் விவசாயக் கூலிகளின் தெருவை மிராசுதார்களின் ஆட்கள் ஆயுதங்களோடு சூழ்ந்தார்கள். தப்பி ஓட முடியாத பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ராமையாவின் குடிசைக்குள் ஒடுங்கினார்கள். குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. 44 பேர் கருகினார்கள். கொளுத்தியவர்களின் கோபத்துக்குக் காரணம் கூலியாகக் கூடுதலாகக் கேட்ட அரைப்படி நெல் மட்டுமல்ல. தெருவில் பறந்த செங்கொடியை இறக்க மறுத்த துணிச்சலும்தான். சாணிப்பாலும் சவுக்கடியும் வாங்கி வாய்மூடிக் கிடந்த பண்ணையாள், 1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி.சீனிவாசராவ் வந்து சங்கம் கட்டிய பிறகு நிமிர்ந்து நின்று பேசத் தொடங்கியிருந்தான். அதைத் தாங்க முடியாமல்தான் மிராசுதார்கள் ‘நெல் உற்பத்தியாளர் சங்கம்’ என்று ஒன்றை எதிரில் நிறுத்தினார்கள்.

நாகப்பட்டினத்தில் நடந்த விசாரணையில் அந்தச் சங்கத்தின் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. ஏராளமான நிலமும் காரும் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள், தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது நீதிபதிகள் சொன்ன காரணங்களில் ஒன்று. சட்டத்தின் கணக்கில் 44 சாவுகள் இருந்தன. கொன்றவர் என்று எவரும் மிஞ்சவில்லை. வெண்மணியைத் தொட்ட ஒவ்வொரு படைப்பும் இந்த வெற்றிடத்துக்கு ஏதோ ஒரு பதிலைச் சொல்லியாக வேண்டியிருந்தது.

முதலில் பரவலாகப் பேசப்பட்டது இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’. 1975இல் நூலாக வந்து, 1977இல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. 1983இல் ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ என்று ஸ்ரீதர்ராஜன் இயக்கத்தில் படமாகவும் வந்தது. இன்னும் பலர் பேசத் தயங்கிய காலத்தில் பேசிய துணிச்சல் அந்த நாவலுக்கு உண்டு. ஆனால், அது கதையைச் சொல்வது டெல்லியிலிருந்து ஊருக்கு வரும் படித்த இளைஞன் கோபாலின் வழியாக. மிராசுதார் கண்ணையா நாயுடுவின் வெறிக்கு அது தரும் காரணமோ அவருடைய ஆண்மைக் குறை. இடதுசாரிகள் அப்போதே இதைக் கடுமையாக விமர்சித்தார்கள். அந்த விமர்சனம் இன்றைக்கும் செல்லும். கொடுமையின் வேர் ஒருவருடைய உடற்குறையில் இருந்தால், நிலமும் சாதியும் கூலியும் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கி நடந்துவிடும். காரை வைத்துப் பெரிய மனிதரை எடைபோட்ட தீர்ப்பைப் போலவே, நாவலும் கண்ணைத் தனிமனிதர் மீதே வைத்துவிட்டது. எரிந்தவர்களுக்கு அதில் முகம் இல்லை.

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுபோல அமைந்தது சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’. தஞ்சை மண்ணின் பேச்சோடும் வயல் வேலையோடும் தெருவுக்குள்ளிருந்து அது கதை சொன்னது. மீனா கந்தசாமி ஆங்கிலத்தில் எழுதி 2014இல் வெளியாகி, பின்பு ‘குறத்தியம்மன்’ என்று தமிழுக்கும் வந்த நாவல் வேறு வழியில் போனது. இந்தக் கதையை எப்படிச் சொல்வது, சொல்ல நமக்கு என்ன தகுதி என்று கதைசொல்லி இடையிடையே நிறுத்தி, வாசகரையும் வம்புக்கிழுக்கிறாள். பிறர் துயரத்தை எழுதும் எவருக்கும் இந்தக் கூச்சம் வேண்டும்.

வெகுஜன சினிமாவுக்கு இந்தக் கூச்சம் பெரும்பாலும் வருவதில்லை. பூமணியின் ‘வெக்கை’யைத் தழுவிய ‘அசுரன்’ (2019) படத்தின் முன்கதையில் குடிசைகள் எரிகின்றன. பார்த்தவர்களில் பலருக்கும் வெண்மணி நினைவுக்கு வந்தது. அந்தப் பெயரையே கேட்டிராத இளைஞர்களைத் தேடிப் படிக்க வைத்த நன்மையை மறுக்க வேண்டியதில்லை. ஆனால், அடுத்த சில நிமிடங்களில் நாயகன் அரிவாளைத் தூக்குகிறார், அரங்கம் கைதட்டுகிறது. எரிந்தவர்கள் நாயகனின் ஆவேசத்துக்கு விறகாகிவிடுகிறார்கள். நாம் மனம் ஆறி வெளியே வருகிறோம். மனம் ஆறிவிடுவதுதான் சிக்கல். 1980இல் கோபாலகிருஷ்ண நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார். அதனால் கூலியோ நீதியோ தெருவுக்கு வந்துவிடவில்லை.

பாட்டு செய்த வேலை இவற்றைவிடப் பெரியது என்பது என் கணிப்பு. வெண்மணி போன்ற கொடுமைகளின் சூட்டில் இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ பாடலை, கே.ஏ.குணசேகரன் தன் கணீர்க் குரலில் ஊர் ஊராகக் கொண்டுபோனார். அதைக் கேட்க டிக்கெட் வேண்டாம், எழுத்தறிவும் வேண்டாம். நாவலில் கோபாலும் படத்தில் நாயகனும் நிற்கும் இடத்தில் பாட்டில் ‘நாங்கள்’ நிற்கிறது. பறை முழங்க ஒருவர் எடுத்துக்கொடுக்க, கூட்டம் திருப்பிச் சொல்லும்போது, அடிபட்டவர்களே பேசுகிறவர்களாகிவிடுகிறார்கள். இரக்கம் கேட்கும் தொனி அதில் எங்கும் இல்லை. இன்குலாப் மறைந்த பிறகு 2017இல் அவருக்கு அறிவிக்கப்பட்ட சாகித்ய அகாதமி விருதை அவருடைய குடும்பத்தார் ஏற்கவில்லை. அதே காலத்தில் வந்த அம்ஷன்குமாரின் படம் அந்தப் பாட்டின் பெயரையே தலைப்பாக்கிக்கொண்டு, இறந்த தலித் ஒருவரின் உடலைப் பொதுப்பாதையில் எடுத்துச்செல்ல நடக்கும் போராட்டத்தைச் சொன்னது. பாட்டு பழசாகவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

பாரதி கிருஷ்ணகுமாரின் ‘ராமையாவின் குடிசை’ (2005) ஆவணப்படம் இன்னொரு வகையில் முக்கியமானது. சம்பவம் நடந்து 37 ஆண்டுகள் கழித்து, உயிர்பிழைத்தவர்களைக் கேமரா முன் உட்கார வைத்துப் பேசவிட்டார் அவர். யார் எந்தப் பக்கம் ஓடினார்கள், யார் குடிசைக்குள் போனார்கள் என்று அவர்கள் சொல்லிக்கொண்டே போகிறார்கள். பின்னணியில் சோக இசை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் அந்தச் சொற்களின் கனம் மாறாது. நம்ப முடியவில்லை என்று சொல்லிக் கோப்பு மூடப்பட்ட விஷயத்தில், நேரில் கண்டவர்களின் சொல் மறுபடி பதிவேறியது.

கலையால் தண்டனை கொடுக்க முடியாது. செத்தவரை மீட்கவும் முடியாது. மூடப்பட்ட வழக்கை மக்கள் மனத்தில் மூடவிடாமல் வைத்திருக்க முடியும். அதைச் செய்த படைப்புகளெல்லாம் பாதிக்கப்பட்டவர்களைப் பேசவிட்டவை. அவர்களைப் பின்னணியாக்கியவை நம் குற்றவுணர்வைத் தணித்ததோடு நின்றுவிட்டன. வடிவ நேர்த்தியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். வன்முறையை எழுதுபவரிடம் முதலில் கேட்க வேண்டியது, பேசுகிறவர் யார் என்பதைத்தான்.

அன்று வாலிப வயதில் இருந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். டிசம்பர் 25 தோறும் வெண்மணி நினைவிடத்தில் கொடியேற்றி வீரவணக்கம் செலுத்தும் இயக்கங்களும் பல்கலைக்கழகங்களின் தமிழ், வரலாற்றுத் துறைகளும் ஒன்றுசேர்ந்து, எஞ்சியிருப்பவர்களின் வாய்மொழியை முழுமையாகப் பதிவுசெய்து பொதுவில் வைக்க வேண்டும். அடுத்த நாவலும் அடுத்த படமும் அங்கிருந்து தொடங்கட்டும்.