நல்ல முதியோர் இல்லம் எது?

ஏழை முதியோருக்கு மாவட்டந்தோறும் இல்லம் அமைக்க 2007-ம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. பணம் கட்டிச் சேரும் தனியார் இல்லங்களும் பெருகி வருகின்றன. பெற்றோரை அங்கே சேர்க்குமுன் எதைப் பார்ப்பது?

பளிங்குத் தரையைக் கண்டு மயங்காதீர்கள். சாப்பாட்டு வேளையில் சொல்லாமல் போங்கள்.

படுத்த படுக்கையாகக் கிடப்பவரைக் கவனியுங்கள். தானாகப் புரள முடியாதவரைச் சுமார் 2 மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் முதுகில் புண் வரும். கைக்கு எட்டும் இடத்தில் தண்ணீர் இருக்கிறதா? இரவில் கூப்பிட்டால் ஓடிவர ஆள் உண்டா? அங்குள்ள முதியவர்களிடமே தனியாகக் கேளுங்கள்.

சேர்த்த பிறகும் அடிக்கடி போய்வாருங்கள். கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் அலட்சியம் செய்ய அஞ்சுவார்கள். குறை கண்டால் 14567 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். கட்டணம் இல்லை.