திருவுளச்சீட்டு

யாழ்ப்பாணம் மாநகர சபையின் வரவுசெலவுத் திட்டம் தோற்றதால், 2020 டிசம்பர் 30ஆம் நாள் புதிய முதல்வர் தெரிவு நடந்தது. முடிவு 21க்கு 20. வென்ற பக்கத்தில் ஒருவர் நடுநிலை வகித்திருந்தாலும் வாக்குகள் சமமாகியிருக்கும். சட்டப்படி திருவுளச்சீட்டே முதல்வரைத் தந்திருக்கும். மக்களாட்சியில் சீட்டா என்று நாம் முகம் சுளிப்பதுண்டு.

வேறு வழி மேலானதா? 2019 உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதியாட்டத்தில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் தலா 241 ஓட்டங்கள் பெற்றன; சுப்பர் ஓவரிலும் தலா 15. பின்னர் பவுண்டரிகளை எண்ணி, 26க்கு 17 என்று இங்கிலாந்திடம் கிண்ணத்தைக் கொடுத்தார்கள். ஓடி எடுத்த ஓட்டங்கள் என்ன பாவம் செய்தன? அவ்விதி அவ்வாண்டு ஒக்டோபரிலேயே கைவிடப்பட்டது. சமமான இருவரில் ஒருவரை உயர்த்திக் காட்டக் காரணம் தேடிப் பிடித்ததே அதன் பிழை. சீட்டு அவ்வாறு பாசாங்கு செய்வதில்லை. தோற்றவரைத் தாழ்ந்தவர் என்று சொல்வதும் இல்லை.

யூதாசின் இடத்துக்கு ஆள் தேடியபோது திருத்தூதர் எடுத்த எடுப்பிலேயே சீட்டுக் குலுக்கவில்லை. திருமுழுக்கு யோவானின் காலந்தொட்டு ஆண்டவரோடு இருந்தவராக வேண்டும் என்று தகுதியை முதலில் வகுத்தனர், இருவரை நிறுத்தினர், செபித்தனர், அதன் பின்னரே சீட்டு. அது மத்தியாவின் பெயருக்கு விழுந்தது.

மற்றவர் யுஸ்து என்னும் யோசேப்பு. தகுதியில் ஒரு குறையும் காணப்படாதவர். நம்மூர்ச் சபைகளிலும் சங்கங்களிலும் இப்படி ஒருவர் மறுநாளே தனி அணி திரட்டத் தொடங்கிவிடுவார். யோசேப்பு முணுமுணுத்ததாகவோ வெளியேறியதாகவோ திருநூலில் ஒரு சொல்லும் இல்லை. அடுத்த அதிகாரத்தில், பெந்தெகொஸ்து நாளில், எல்லாரும் ஒரே இடத்தில் கூடியிருக்கின்றனர்.