மூடிக்குக் கீழே

யுத்த தாங்கிகளின் சிற்றுருக்களைச் செய்வோரிடையே பழைய வழக்கொன்று உண்டு. மூடியை அடைத்துவிட்டால் எவர் கண்ணுக்கும் புலனாகாத உட்புறத்தை நுணுகி அமைப்பதனாற் பயன் யாது? வீண்வேலை என்பர் பலர். அவரோடு நான் உடன்படேன்.

முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்னும் அளவே இத்துறையிற் பெருவழக்கு. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானியத் தமியா நிறுவனம் ‘பாந்தர்’ தாங்கியை வெளியிட்டபோது, மின்கலங்கள் உள்ளே அடங்கவேண்டும் என்பதற்காகவே அவ்வளவைக் கொண்டது. மனிதனுக்குரிய இடத்தில் மின்கலம் குடியேறிற்று; வேடிக்கைதான்!

சோவியத் நாட்டின் டி-34 தாங்கியை நோக்குவோம். 1941இல் போரிட்ட அதன் சுழல்கோபுரத்தில் இருவரே இருந்தனர். தாங்கித் தலைவனே பீரங்கியைக் குறிபார்த்துச் சுடவும் வேண்டும். அவன் களத்தைக் கவனிப்பானா, குறியைக் கவனிப்பானா? புறத்தோற்றத்துக்கு மட்டும் வண்ணந் தீட்டியவன் இச்சங்கடத்தை அறியான். ஐந்து சென்ரிமீற்றர் உயரமுள்ள இரண்டு உருவங்களை அவ்விடத்தில் அமர்த்த முயன்றவனுக்கோ, 1944இல் களம்புகுந்த டி-34-85இற் பெரிய கோபுரமும் மூன்றாம் ஆளும் ஏன் சேர்ந்தன என்பது சொல்லாமலே விளங்கும். குண்டுகளிற் பெரும்பாலானவை அடித்தளத்துப் பெட்டிகளில் இருந்தன. பெட்டிகளின்மேல் இறப்பர்ப் பாய். பாயின்மேல் வீரரின் கால்கள்.

கடையிற் பித்தளைத் தகடுகளை வாங்கி, ஆணிகளின் தொகையிற் போட்டியிடுவோரை நான் ஆதரிக்கவில்லை. அது வேறு கதை. அந்தப் பாயையும் பெட்டிகளையும் இரு இருக்கைகளையும் செய்தாற் போதும். மூடியை மாத்திரம் ஒட்டிவிடாதீர்கள். பார்க்க விரும்பும் மாணவன் தூக்கிப் பார்க்கட்டும்.