கீழாநெல்லி குடித்தால் போதுமா?

ரத்ததானம் செய்யப் போன இடத்திலோ வளைகுடா வேலைக்கான மெடிக்கலிலோ ‘ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ்’ என்று தெரிந்து வீடு திரும்புகிறவருக்கு நம் ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஒன்றில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போவார்கள்: கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் குடி, ஒரு மண்டலத்தில் ஓடிப்போகும். இந்த நம்பிக்கை ஆட்களைக் கொல்கிறது.

இதற்கு இத்தனை செல்வாக்கு எப்படி வந்தது? அசுத்தத் தண்ணீரால் வரும் ஏ, ஈ வகைக் காமாலைகள் பெரும்பாலும் சில வாரங்களில் தாமாகவே இறங்கிவிடும். பெரியவர்களுக்குப் புதிதாகத் தொற்றும் பி வைரஸும் நூற்றில் சுமார் 95 பேரை விட்டுத் தானே விலகிவிடும். அந்த நாட்களில் எதைக் குடித்தாலும் பெயர் அதற்குத்தான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் நிலைமை வேறு. அப்படித் தொற்றிய குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரிடம் வைரஸ் நிரந்தரமாகத் தங்குகிறது. பலருக்குக் காமாலையே வருவதில்லை. நன்றாகச் சாப்பிட்டு, வேலைக்குப் போய்வந்து கொண்டிருப்பார்கள்.

ஆய்வே வந்திருக்கிறதே என்பார்கள். வந்ததுதான். 1988இல் சென்னையில் தியாகராஜன் குழு செய்த ஆய்வை லான்செட் வெளியிட்டது. இந்த வைரஸைக் கண்டறிந்து நோபல் பெற்ற புளூம்பெர்க்கும் அதில் பங்காளி. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளப் புரதம் மறைந்ததாகச் சொன்னார்கள். கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்விதான், குறையில்லை. ஆனால் தாய்லாந்திலும் பிற இடங்களிலும் சோதித்தவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. முதல் சேதி ஊரெல்லாம் போயிற்று. இரண்டாவது சேதியை யாரும் சுமக்கவில்லை.

சுமக்க வேண்டிய கணக்கு ஒன்று தைவானில் இருக்கிறது. அங்கே 22,707 ஆண் அரசு ஊழியர்களைப் பீஸ்லி குழு ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. 1981இல் அவர்கள் தந்த விவரப்படி, கல்லீரல் புற்றுநோயால் இறந்த 41 பேரில் 40 பேர் பி வைரஸ் உள்ளவர்கள். வைரஸ் இல்லாதவரைவிட ஆபத்து இருநூறு மடங்குக்கும் மேல். ‘நான் மது குடிப்பதில்லை, எனக்கென்ன’ என்பவர் இந்த எண்ணை இரண்டாம் முறை படிக்கட்டும்.

இந்த வைரஸ் தன் மரபணுத் துண்டுகளைக் கல்லீரல் செல்லின் மரபணுவுக்குள்ளேயே செருகிவிடக்கூடியது. அதனால்தான் கல்லீரல் சுருங்கி இறுகுமுன்பே சிலருக்குப் புற்றுநோய் வருகிறது. கட்டி சிறிதாக இருக்கும்போது வலியும் இருக்காது, மஞ்சளும் இருக்காது. கண் மஞ்சளாகட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருந்தால் பெரும்பாலும் அறுவைக்கான காலம் கடந்திருக்கும்.

‘மூலிகைதானே, என்ன கெட்டுப்போகும்?’ பரிசோதனை கெட்டுப்போகும். வைரஸின் அளவைப் பார்த்து மாத்திரை தேவையா என்று முடிவெடுப்பதும், நாற்பது தாண்டிய ஆண்கள், ஐம்பது தாண்டிய பெண்கள், குடும்பத்தில் இந்தப் புற்றுநோய் கண்டவர்கள், கல்லீரல் இறுகியவர்கள் ஆறு மாதத்துக்கொரு முறை ஸ்கேன் எடுப்பதும் நின்றுபோகும். இதற்குத் தரப்படும் டெனோஃபோவிர் மாத்திரை ஆபத்தை முழுக்கத் துடைப்பதில்லை. ஆனால் கணிசமாகக் குறைக்கிறது. 2018இல் தொடங்கிய, ஹெபடைட்டிஸுக்கான தேசியத் திட்டத்தில் அது இலவசம். காசில்லை என்ற சாக்கும் செல்லாது.

பிரசவ வார்டில் இன்னொரு கூத்து. தாய்க்குப் பாசிட்டிவ் என்றால் குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட ஓடுகிறோம், நல்லது. அந்தத் தாயின் கல்லீரலைப் பார்க்க அடுத்த தேதி குறித்துக் கொடுப்பவர் யார்? அதே தாய் வயிற்றில் பிறந்த அவளுடைய அண்ணன் தம்பிகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னவர் யார்?